தாழ்ந்த காரின் புகைக்குழாய்

ஒரு பொருளின் மேற்புறத்து அழகைக் கண்டு மகிழ்வார் பலர். அதன் அடியில் நிகழ்வது யாதெனக் குனிந்து நோக்குவார் மிகச் சிலர். மோட்டார் காரின் திறத்தில் இது முற்றும் உண்மை. நிலத்தோடு படியுமாறு தாழ்த்தப்பெற்ற கார் ஒன்று நம் கல்லூரி வாயிலில் வந்து நிற்குமாயின், மாணவர் குழாம் உடனே அதனைச் சூழ்ந்துகொள்ளும். சக்கரத்தைப் புகழ்வார் ஒருவர். வண்ணத்தைப் புகழ்வார் மற்றொருவர். அதன் முழக்கத்தைப் புகழ்வார் வேறொருவர். அம்முழக்கத்தைப் புறத்தே கொணரும் புகைக்குழாய் எவ்வழியே செல்கின்றது என வினவினாரை யாம் இதுகாறும் கண்டிலேம். தமிழ் பயில்வார்க்குக் காரின் அடிப்புறத்தில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைக்கவும் கூடும். அந்நகைப்பை ஏற்றுக்கொண்டு, யாம் இக்கட்டுரை எழுதப் புகுந்த காரணத்தை முதற்கண் கூறுவாம்.

எம் பெரிய தந்தையாரின் மகனார் கோயம்புத்தூரில் அலுவல் பார்ப்பவர். அவர் பழைய கார் ஒன்றை விலைக்கு வாங்கி, அதன் ஸ்பிரிங்குகளை அறுத்துக் குறுக்கி, உடலை மூன்று அங்குலம் தாழ்த்தினார். தொழிற்சாலையார் பூட்டிய புகைக்குழாயைக் கழற்றிவிட்டு, அகன்ற குழாய் ஒன்றைப் பட்டறையில் தம் விருப்பப்படி செய்வித்துப் பூட்டினார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் அக்காரிலே யாமும் எம் அன்னையாரும் தங்கையும் பாளையங்கோட்டையிலுள்ள பாட்டியார் இல்லத்திற்குப் புறப்பட்டோம். யாம் அண்ணன் அருகில் சன்னலைத் திறந்துவைத்து அமர்ந்திருந்தோம். அன்னையாரும் தங்கையும் பின்னிருக்கையில் இருந்தனர். மதுரையைக் கடந்தபின் தங்கை தலை நோகின்றது என்றாள், சிறிது பொழுதில் குமட்டல் என்றாள், பின்னர் உறங்கிவிட்டாள். அன்னையாரும் தலையைப் பிடித்துக்கொண்டு கண்மூடினார். பயணக் களைப்பென்றே யாம் கருதினோம். கோவிற்பட்டிக்கு அருகில் காரின் அடியில் ஏதோ உராயும் ஓசை கேட்கவே, சாலையோரத்துப் பட்டறை ஒன்றில் நிறுத்தினோம்.

அங்கிருந்த முதிய மெக்கானிக் காரின் அடியைப் பார்க்குமுன் பின்னிருக்கையைப் பார்த்தார். “இரண்டு பேருக்கும் ஒரே நேரத்திலா தலைவலி?” என்று ஒரு கேள்வி கேட்டார். உடனே இருவரையும் வெளியே கொணர்ந்து காற்றோட்டமான இடத்தில் இருத்தச் செய்தார். தங்கையை எழுப்புதற்குள் எம் நெஞ்சம் பட்ட பாட்டை எழுத்தில் அடக்க இயலாது. அருகிலிருந்த மருத்துவமனையில் பிராண வாயு அளிக்கப்பெற்று இருவரும் அன்று மாலையே தேறினர். மறுநாள் அம்முதியவர் காரைத் தூக்கி நிறுத்தி எமக்கு அடிப்புறத்தைக் காட்டினார். புகைக்குழாய் பின் அச்சின்மேல் இடித்து இடித்து, பற்றவைத்த இடத்தில் வெடித்திருந்தது. அவ்வெடிப்புக்கு நேர்மேலே பெட்டி வைக்கும் அறையின் தகடு கரியேறிக் கிடந்தது. அத்தகட்டில் ரப்பர் மூடி கழன்றுபோன துளையொன்றும் இருந்தது. “நிற்கிற வண்டியை அளந்து குழாய் போட்டிருக்கிறார்கள், தம்பி, ஓடுகிற வண்டியை யாரும் அளக்கவில்லை” என்றார் அவர். இவ்வொரு சொல்லின் விரிவே இக்கட்டுரை என்க.

புகைக்குழாயின் தொழில் யாது? எஞ்சினில் எரிந்தெஞ்சிய வாயுக்களை, வண்டியில் அமர்ந்தாரைத் தீண்டாவண்ணம், வெளியே கொண்டுசென்று விடுவதே அதன் முதற்றொழில். ஓசையை அடக்குவதும் அழகு செய்வதும் அதற்குப் பிற்பட்டவை. அவ்வாயுக்களுள் நைட்ரஜனும் கரியமில வாயுவும் நீராவியுமே மிகுதி. ஆயினும் சிறிதளவாகக் கலந்து வரும் கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சு வாயுவே அஞ்சத்தக்கது. அதற்கு நிறமில்லை; மணமில்லை; அது கண்ணைக் கரிப்பதுமில்லை. நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபின் என்னும் பொருள், பிராண வாயுவைப் பற்றுவதினும் 200 மடங்குக்கு மேற்பட்ட வலிமையோடு இந்நச்சைப் பற்றிக்கொள்கின்றது. ஆகலின் காற்றில் இது சிறிதே கலந்திருப்பினும், நெடும்பொழுது சுவாசிப்பார் குருதியில் பிராண வாயுவுக்கு இடமில்லாது போகும். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் பிரித்தானிய உடலியல் அறிஞர் இவ்வாயுவைத் தாமே சுவாசித்துச் சோதித்து, அதன் விளைவுகளை 1895-ஆம் ஆண்டில் வெளியிட்டார். சுரங்கங்களில் இந்நச்சை அறிதற்குச் சிறு பறவைகளைக் கொண்டு செல்லும் வழக்கம் அவர் கூறிய யோசனையால் ஏற்பட்டதே. காரில் அத்தகைய பறவை இல்லை. பின்னிருக்கையில் உறங்கும் குழந்தையே முதலில் நச்சுக்கு ஆளாகின்றது.

கார்களில் இக்காலத்துப் பொருத்தப்படும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்னும் கருவி இந்நச்சைப் பெரும்பாலும் மாற்றிவிடுமே எனின், உண்மைதான். அமெரிக்க நாட்டில் 1975-ஆம் ஆண்டு முதல் புதிய கார்களில் அது பரவலாயிற்று. ஆனால் அக்கருவி நன்கு சூடேறிய பின்னரே தன் தொழிலைச் செய்யும். அன்றியும் குழாய் அக்கருவிக்கு முன்னரே வெடிக்குமாயின், மாற்றப்படாத நச்சே வெளிப்படும். புதிய குழாய் இடுவார் சிலர் முழக்கத்தை விரும்பி அக்கருவியையே அகற்றிவிடுகின்றனர். இஃது ஊர்க்காற்றுக்கு இழைக்கும் தீங்கு மட்டுமன்று. வண்டியில் இருப்பார்க்கும் தீங்கேயாம்.

இனி, காரைத் தாழ்த்தும் வழக்கம் பெரிதும் வளர்ந்த இடத்தை நோக்குவோம். அஃது அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரமும் அதனைச் சூழ்ந்த பகுதிகளுமாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கு வாழ்ந்த மெக்ஸிக மரபினரான இளைஞர் தம் கார்களைத் தாழ்த்தி, வண்ணந் தீட்டி, வீதிகளில் மெல்ல மெல்ல ஓட்டிச் செல்வதைப் பெருமையாகக் கொண்டனர். மணல் மூட்டைகளைப் பின்புறத்தில் ஏற்றியும், ஸ்பிரிங்குகளை அறுத்தும் தாழ்த்தினர். இத்தகைய கார்களுக்கு ‘லோரைடர்’ என்பது பெயர். 1958-ஆம் ஆண்டில் கலிபோர்னியா அரசு இதற்கு ஒரு வரம்பு விதித்தது. மாற்றியமைத்த காரின் எவ்வுறுப்பும், சக்கரங்கள் நீங்கலாக, சக்கரத்தின் இரும்பு விளிம்பினது அடிமட்டத்திற்குக் கீழே தொங்கலாகாது என்பதே அது. மறு ஆண்டிலேயே ரான் அகிர்ரே என்பார் தம் கார்வெட் காரில், எண்ணெயின் அழுத்தத்தால் உடலை உயர்த்தவும் தாழ்த்தவும் வல்ல பொறியை அமைத்தார். நின்றால் தாழலாம், சட்டம் வந்தால் உயரலாம். இத்தடை 2023-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டத்தால் நீக்கப்பட்டது. அந்நீக்கம் 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் நீங்கினும் அதன் அளவுகோல் நன்றென்றே யாம் கருதுகின்றோம். என்னை? டயரிலுள்ள காற்று திடீரென வெளியேறுமாயின், வண்டி விளிம்பின் மட்டத்திற்கு இறங்கிவிடும். அந்நிலையிலும் புகைக்குழாய் தரையில் உரசலாகாது. காற்று நிறைந்த டயரோடு அளப்பவன் நன்னாளை அளக்கின்றான். விளிம்பை வைத்து அளப்பவன் தீய நாளை அளக்கின்றான். குழாய் இடுவான் அளக்கவேண்டுவது தீய நாளையே.

இக்கருத்தை மனத்திற்கொண்டு, குழாய் செல்லவேண்டிய வழியை முறையாக ஆராய்வாம்.

முதலாவது, அளத்தல். காரைச் சமதரையில் நிறுத்தி, வலிய தாங்கிகளின்மேல் உறுதியாக இருத்தல் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அதன் அடியில் ஒருவரும் புகலாகாது. அவ்வாறு புகுந்து உயிரிழந்தார் பலர். உடலைத் தாங்கிகளில் இருத்தியபின் ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, பின் அச்சை ஜாக்கியால் மெல்ல உயர்த்தி, அது மேலே உள்ள ரப்பர்த் தடையில் முட்டுமளவும் கொண்டுசெல்க. நான்கு பேர் ஏறிய கார் குழியில் விழும்போது அச்சு எய்தும் இடம் அதுவே. பின்னர் அச்சினை இயன்றவரை கீழே தொங்கவிடுக. மேட்டைத் தாண்டும்போது அஃது எய்தும் இடம் அது. இவ்விரு எல்லைகளுக்கும் இடையே அச்சு புகும் இடம் எதுவோ, அங்குக் குழாய்க்கு இடமில்லை. இடையிலுள்ள இடைவெளியை அறிதற்கு எளிய உபாயம் ஒன்றுண்டு. அச்சின்மேல் களிமண் உருண்டை ஒன்றை ஒட்டிவைத்து அதனை உயர்த்தி இறக்கினால், குழாயால் நசுங்கி எஞ்சிய மண்ணின் கனமே இடைவெளியின் அளவாகும்.

இரண்டாவது, வழியைத் தெரிதல். பின் அச்சை எவ்வாறு கடப்பது என்பதே இதில் முதன்மையான வினா. குழாயை அச்சின் மேலே வளைத்துக் கொண்டுசெல்லுதல் வழக்கமான முறை. தாழ்த்தாத காரில் அதற்குப் போதிய இடமுண்டு. தாழ்த்திய காரிலோ உடல் அச்சை நெருங்கிவிட்டமையால், குழாய் இரண்டிற்கும் நடுவே நசுங்கும். எம் அண்ணன் காரில் நிகழ்ந்தது இதுவே. அற்றேல் அச்சின் கீழே கொண்டுசெல்லலாமே எனின், அங்கும் இடர் இரண்டுண்டு. உடல் தாழும்போது அதிற்றொங்கும் குழாயும் தாழ்ந்து தரையை நெருங்கும். அச்சு கீழே தொங்கும்போது குழாயின்மேல் வந்தமரும். மூன்றாவது வழி, பின் சக்கரத்திற்கு முன்னரே குழாயைப் பக்கவாட்டில் திருப்பி முடித்தல். இடமில்லாத காரில் இது பொருந்தும். ஆனால் குழாயின் வாய் உடலின் விளிம்பைக் கடந்து வெளியே நீளவேண்டும். உடலின் அடியிலேயே அது முடியுமாயின், வாயு அடித்தகட்டின்கீழ்த் தேங்கிக் கதவிடுக்குகளின் வழியே உட்புகும். இம்மூன்றும் இயலாதபோது, தேர்ந்த தொழிலாளர் காரின் சட்டத்தில் வளைவாக வெட்டி, வெட்டிய இடத்தை வலிய தகட்டால் உறுதிப்படுத்தி இடம் தேடுகின்றனர். சட்டமே வண்டியின் முதுகெலும்பு. ஆகலின் பழகாத கைகள் இத்தொழிலில் இறங்கலாகாது.

மூன்றாவது, குழாயின் வடிவம். அகன்ற வட்டக் குழாயே சிறந்தது என்று கருதுவார்க்கு ஒரு கணக்கைக் காட்டுவாம். 76 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டக் குழாயை 50 மில்லிமீட்டர் உயரத்திற்குத் தட்டையாக்கினால், அதன் அகலம் ஏறத்தாழ 91 மில்லிமீட்டர் ஆகும். உயரத்தில் 26 மில்லிமீட்டர் மிச்சமாகின்றது; வாயு செல்லும் பரப்பில் குறைவதோ நூற்றுக்கு 12 பங்கு அளவே. தாழ்ந்த காருக்கு ஓரங்குல உயரம் எத்துணை மதிப்புடையது என்பதை வேகத்தடையைக் கடந்தவர் அறிவர். அடித்தகட்டில் தரையோடு உரசக்கூடிய இடங்களில் இத்தகைய தட்டைக் குழாயையே இடுதல் நலம். இணைப்பு வளையங்களின் காதுகள் கீழ்நோக்கித் தொங்காது பக்கவாட்டில் அமைதல் வேண்டும். இரு சக்கரங்களுக்கும் நடுவிடமே மேட்டில் முதலில் முட்டும் இடம். சக்கரத்தின் அருகிலுள்ள பகுதியோ சக்கரம் மேட்டில் ஏறும்போது தானும் உடனெழும். எனவே உயரமான சைலன்சரை நடுவில் வையாது, அச்சுக்கு அண்மையில் அமைப்பதே அறிவுடைமை.

நான்காவது, வெப்பமும் அசைவும். எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்ந்திருத்தலின், மிதிக்குந்தோறும் சிறிது புரளும். குழாயின் முன்முனை எஞ்சினோடு புரள, பின்முனை உடலோடு நின்றால், நடுவில் ஏதேனும் ஓரிடத்தில் வெடிப்பு உண்டாதல் திண்ணம். ஆதலின் எஞ்சினுக்கு அருகில் நெளியவல்ல குழாய்த்துண்டு ஒன்று வேண்டும். மற்றை இடங்களில் குழாய் ரப்பர் வளையங்களில் தொங்கவேண்டும். உடலோடு பற்றவைத்தல் கூடவே கூடாது. குழாய் சூட்டால் நீளவும் செய்யும். 3 மீட்டர் நீளமுள்ள சாதாரண எஃகுக் குழாய் 300 பாகை சென்டிகிரேடு சூடேறினால் ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் நீளும். 304 எனப்படும் துருப்பிடியா எஃகாயின் 15 மில்லிமீட்டர் நீளும். குளிர்ந்த குழாய்க்கும் தகட்டிற்கும் இடையே ஒரு விரற்கிடை இருப்பதாக எண்ணி மகிழ்ந்தவன், சூடேறிய குழாய்க்கு அவ்விடைவெளி எஞ்சாமையை அறியான்.

ஐந்தாவது, அண்டை உறுப்புகள். காரின் அடியில் பெட்ரோல் செல்லும் குழாயும், பிரேக் எண்ணெய் செல்லும் ரப்பர்க் குழாயும், மின்கம்பிகளும் ஓடுகின்றன. புகைக்குழாயின் வெப்பம் இவற்றுள் ஒன்றை உருக்கினும் தீயோ பிரேக் இழப்போ நேரும். நம் நாட்டு 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், புகைக்குழாய் எரிபொருட் குழாயினின்றும் 35 மில்லிமீட்டருக்குள் அமையலாகாது என்கின்றன. இது குறைந்த எல்லை. இடமுள்ளபோது இன்னும் விலக்குதலே நன்று. விலக்க இயலாத இடத்தில், காற்றுப் புகுமாறு இடைவெளி விட்டு உலோகத் தகட்டு மறைப்பு ஒன்று பொருத்துக. குழாயின்மேல் ஒட்டிய மறைப்பு தானும் சூடேறிப் பயனற்றதாகும். தாழ்ந்த காரை உலர்ந்த புல்லின்மேல் நிறுத்துதலும் தீங்கு. சூடேறிய கன்வெர்ட்டர் புல்லைப் பற்றவைக்கும்.

ஆறாவது, சோதித்தல். பற்றவைக்குமுன் பாட்டரியின் இணைப்பைக் கழற்றுக. பெட்ரோல் கசிவில்லாமையை உறுதிசெய்க. தீயணைக்கும் கருவியை அருகில் வைக்க. பூட்டிய பின், காரை வெட்டவெளியில் நிறுத்தி, குளிர்ந்த எஞ்சினை இயக்கி, இணைப்புதோறும் சோப்பு நீரைத் தடவுக. குமிழி எழும் இடத்தில் கசிவுண்டு. அடித்தகட்டிலுள்ள துளைகள் அனைத்திற்கும் மூடி உளதாவென நோக்குக. நூறு கிலோமீட்டர் ஓடிய பின் மீண்டும் அடியிற் பார்க்க; பளபளப்பான தேய்வு உரசலைக் காட்டும்; கரிய படிவு கசிவைக் காட்டும். கார்பன் மோனாக்ஸைடை அறிந்து ஒலி எழுப்பும் சிறு கருவி ஒன்றைப் பின்னிருக்கையின் அருகில் வைத்தல் மிகவும் நலம். சன்னலைத் திறந்தால் போதும் என்று கருதற்க. ஓடும் காரின் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைதலின், வெளிப்பட்ட வாயு திறந்த பின்புறக் கதவின் வழியே உள்ளே இழுக்கப்படுதலும் உண்டு.

இத்தனையும் கூறியபின் ஒன்றை மறைத்தல் முறையன்று. நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்றும் வேறுபடுமாறு வண்டியை மாற்றுதலைத் தடுக்கின்றது. 2019-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்திற்று. ஆகலின் காரைத் தாழ்த்த விழைவார் பட்டறைக்குச் செல்லுமுன் சட்டத்தைக் கேட்டறிதல் கடமையாகும். எம் அண்ணன் பழைய உயரத்து ஸ்பிரிங்குகளையும் தொழிற்சாலைக் குழாயையும் மீண்டும் பூட்டிவிட்டார். ஆயினும் விடுதி நண்பர் சிலர் அவர் முன்பு சென்ற பட்டறையின் முகவரியை எம்மிடம் இன்றும் கேட்கின்றனர். அவர்கட்கு முகவரிக்கு மாறாக இக்கட்டுரையை அளிக்கின்றோம்.

அழகை வெறுக்குமாறு யாம் கூறவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் இளைஞர் தம் கார்களில் காட்டிய கைத்திறன் போற்றத்தக்கதே. அவருள் தேர்ந்தார் மேற்புறத்து வண்ணத்திற்குச் செலுத்திய கருத்தை அடிப்புறத்துக் குழாய்க்கும் செலுத்தினர் என்பதை மறவாதிருப்போமாக. கார் நிற்கும்போது காண்பார்க்கு உரியது. ஓடும்போது உள்ளிருப்பார்க்கு உரியது. பின்னிருக்கையில் உறங்கும் ஒருவர் நம்மை நம்பியே கண்மூடுகின்றார். அவர் மீண்டும் கண் திறப்பது, நாம் காணாத இடத்தில் ஓடும் ஒரு குழாயைப் பொறுத்தது. அதனைக் குனிந்து பார்க்கும் சிறு வருத்தத்தை நண்பர்கள் மேற்கொள்வாராயின், எம் முயற்சி பயன்பெற்றதாகும்.